ஒன்பதாவது வாரம், தண்ணீர்கூடத் தங்கவில்லை. இதுவும் மசக்கைதானா?

ஜூன் 4, இரவு 8.50 (கேள்வி)

ஒன்பதாவது வாரம் ஓடுகிறது. காலையில் மட்டும் இல்லை, நாள் முழுக்க வாந்தி. நேற்றிலிருந்து தண்ணீர் குடித்தாலும் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது. வீட்டில், "மசக்கைன்னா அப்படித்தான், மூணு மாசம் போனா தானா நின்னுடும்" என்கிறார்கள். காரணமே இல்லாமல் அழுகை வேறு. எது வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம்?

ஜூன் 4, இரவு 9.15

தண்ணீரே தங்கவில்லை என்றால் பொறுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. விடியட்டும் என்று இருக்க வேண்டாம், இன்று இரவே போய்விடுங்கள். கிளம்புவதற்குள் மூன்று விஷயம் பாருங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் போனது, என்ன நிறம்? எட்டு மணி நேரமாகப் போகவில்லை, அல்லது டீ டிக்காஷன் நிறத்தில் போகிறது என்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா? கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையில் எவ்வளவு குறைந்திருக்கிறது? 5 சதவீதம்தான் எல்லை. 52 கிலோ இருந்தவருக்கு அது 2.6 கிலோ. அதைத் தாண்டினால் அது மசக்கையின் கடுமையான வகை, சிகிச்சை தேவைப்படும் நோய். "எல்லாருக்கும் வர்றதுதான்" என்ற வரிசையில் அது இல்லை.

ஆஸ்பத்திரியில் சிறுநீரில் கீட்டோன், ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்ப்பார்கள். ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுப்பார்கள். இரட்டைக் குழந்தையிலும், கரு சரியாக வளராமல் நஞ்சுக்கொடி முத்து முத்தாகப் பெருகும் முத்துப்பிள்ளையிலும் வாந்தி கடுமையாக இருக்கும்.

ஜூன் 4, இரவு 9.40

விட்டுப்போன ஒன்று, முக்கியமானது. நம் ஊரில் தெம்பில்லை என்றாலே "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்கிற பழக்கம் உண்டு. வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு உடம்பில் தயமின், அதாவது பி1 வைட்டமின், தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏறினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை பாதிக்கலாம். பேச்சில் குழப்பம், கண்மணி தானாக ஆடுவது, நடையில் தள்ளாட்டம் என்று அது தெரியும். அதனால் முதலில் தயமின், பிறகுதான் குளுக்கோஸ். நீர் வற்றியதற்கு ஏற்றுவது சாதாரண சலைன், பொட்டாசியம் குறைந்திருந்தால் அதுவும் சேர்த்து. "பல நாளா சாப்பாடே இறங்கலை, பி1 ஊசி போடணுமா டாக்டர்?" என்று கூட இருப்பவர் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஜூன் 5, காலை 11.20

சேர்த்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. வீடு திரும்பிய பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

கர்ப்பிணிகளில் பத்துக்கு ஏழு, எட்டு பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வரும். ஐந்தாறு வாரத்தில் தொடங்கி, ஒன்பது பத்து வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்குப் பதினாறு வாரத்துக்குள் அடங்கிவிடும். நஞ்சுக்கொடியும் கருவும் சுரக்கும் ஜிடிஎஃப் 15 என்ற ஹார்மோன் மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டுகிறது என்று 2023 கடைசியில் வந்த ஆய்வு தெளிவாக்கியது. கர்ப்பத்துக்கு முன் யாருக்கு அது குறைவாக இருந்ததோ அவர்களுக்குத்தான் திடீர் ஏற்றம் தாங்காமல் வாந்தி அதிகமாகிறது. ஆக, "மனசுல இஷ்டமில்லாமதான் இப்படி வாந்தி எடுக்கறா" என்ற பேச்சை இனி எந்த வீட்டிலும் யாரும் பேசக் கூடாது.

வெறும் வயிறுதான் குமட்டலை முதலில் கிளப்பும். தலைமாட்டில் இரண்டு ரஸ்க்கோ ஒரு கைப்பிடி பொரியோ வைத்துக்கொண்டு, எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே மென்று தின்னுங்கள். இருபது நிமிடம் கழித்து எழுங்கள். பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி இடைவெளி விடுங்கள். சூடான சாப்பாட்டில்தான் மணம் தூக்கும். தயிர் சாதம், ஆறிய இட்லி, பழம் எல்லாம் உள்ளே இறங்கும். தாளிப்பும் சோறு கொதிக்கும் வாடையும் ஆகாதவரை அடுப்படிக்கு அனுப்பாதீர்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, டம்ளரில் குடிக்காமல், ஐந்து நிமிடத்துக்கு இரண்டு ஸ்பூன் என்று உள்ளே விடுங்கள்.

மாத்திரை என்றால் டாக்சிலமின் 10 மில்லிகிராமும் பி6 10 மில்லிகிராமும் சேர்ந்ததுதான் டாக்டர்கள் முதலில் எழுதுவது. இரவு படுக்கும்போது இரண்டு. மெதுவாகக் கரையும் மாத்திரை, அதனால் இரவு போட்டால்தான் விடிகாலை வேலை செய்யும். குமட்டல் வந்த பிறகு போட்டுவிட்டு "கேட்கவே இல்லை" என்பவர்கள் நேரத்தைத்தான் தவறவிடுகிறார்கள். தூக்கம் வரும். குழந்தைக்குக் கெடுதல் என்ற பயம் பழையது. வழக்குகள் குவிந்ததால் அமெரிக்காவில் 1983ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். குறைபாடு உண்டாக்கியதாக எந்தச் சான்றும் கிடைக்காமல் 2013ல் அதே சேர்க்கைக்கு மறுபடி அனுமதி கொடுத்தார்கள்.

ஜூன் 6, காலை 7.05

"வீட்டில் ஒண்டான்செட்ரான் இருக்கிறது, அதையே போடலாமா" என்று ஒருவர். அந்த வாந்தி மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். முதல் பத்து வாரத்தில் அது இரண்டாவது தேர்வு. 10,000 குழந்தைகளுக்கு மூன்று என்ற கணக்கில் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு கூடுவதாகப் பெரிய ஆய்வு ஒன்றில் தெரிந்தது. அந்த அளவு மிகச் சிறியது. தண்ணீரே தங்காதவருக்கு டாக்டர் எழுதினால் தயங்காமல் போடுங்கள். வாந்தியில் வற்றிப்போவது அதைவிட ஆபத்து.

ஜூன் 6, இரவு 10.30

"எனக்கு வாந்தியே இல்லை, கரு நல்லா இருக்கா?" நல்லா இருக்கும். பத்தில் வாந்தி வராத இரண்டு மூன்று பேரில் நீங்கள் ஒருவர், அவ்வளவுதான்.

இன்னொன்று, பத்தாவது வாரத்துக்குப் பிறகு முதன்முதலாக வாந்தி தொடங்கினால் அதை மசக்கைக் கணக்கில் எழுதாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மஞ்சள் காமாலை, பித்தப்பைக் கல், குடல்வால் என்று வேறு காரணம் தேட வேண்டும். காய்ச்சலோ வயிற்று வலியோ சேர்ந்திருந்தால் அன்றே.

ஜூன் 11, மதியம் 3.00

முதல் கேள்வியில் அழுகையும் இருந்தது. வாந்தி அவசரத்தில் அதை அப்படியே விட்டுவிட்டேன், அது சரியில்லை.

விளம்பரம் பார்த்து அழுவது, கணவர் கதவை வேகமாகச் சாத்தியதற்கு அழுவது, அரை மணியில் தெளிந்து சிரிப்பது என்றால் ஹார்மோனும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்வது. கவலை வேண்டாம். நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரம் தொடர்ந்து மனம் கனத்தே கிடக்கிறது, பிடித்த எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மன அழுத்த நோய். பிள்ளை பிறந்த பிறகுதான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கர்ப்பத்திலேயே வரும். பிரித்தறிய எளிய கேள்வி ஒன்று உண்டு. வீடு அமைதி, வேலை இல்லை, விளக்கணைத்துப் படுத்தாயிற்று, அப்போதாவது தூக்கம் வருகிறதா? அலுப்பில் இருப்பவர் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார். மன அழுத்தத்தில் இருப்பவர் அப்போதும் விழித்தே கிடப்பார்.

இதற்கு 1987ல் உருவாக்கிய எடின்பரோ கேள்வித்தாள் இருக்கிறது. பத்தே கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றி மட்டும், மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த ஒரு கேள்விக்கு "ஆம்" என்ற பக்கம் பதில் போனால் அன்றே பேச வேண்டும், அவரைத் தனியே விடக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104ம் உண்டு.

கூடவே தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். இரண்டும் குறைந்தால் மனச்சோர்வு மாதிரியே காட்டும்.

ஜூன் 12, காலை 6.20

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், ஏற்கெனவே மனநலத்துக்குப் போடும் மாத்திரையை, கர்ப்பம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறார். இன்றே எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள். பல மாத்திரைகளைக் கர்ப்பத்திலும் தொடரலாம். வால்ப்ரோயேட் மாதிரி சிலவற்றைக் கட்டாயம் மாற்ற வேண்டும். எதைத் தொடர்வது, எதை எந்த வேகத்தில் மாற்றுவது என்பது அவர் கையில் இருக்கட்டும். சட்டென்று நிறுத்தினால் பழைய நோய் திரும்பி வரலாம்.

ஜூலை 21, மாலை 5.45

மாமியார் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மருமக ஒளிச்சு வச்சு சிலேட்டுக் குச்சி திங்கறா. விபூதியும் திங்கறா. என்னம்மா பண்றது?"

திட்டாதீங்கம்மா. ஹீமோகுளோபின் பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்க. சிலேட்டுக் குச்சி, சாம்பல், செம்மண், பச்சரிசி, ஐஸ் கட்டி என்று வாய் தேடினால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு இருக்கும். மண்ணில் புழு முட்டை, ஈயம் என்று என்னென்னவோ கிடக்கும். இரும்புச் சத்து ஏறினால் அந்த ஆசை பல பேருக்குத் தானாக விட்டுப்போகும்.

ரத்தத்தின் நீர்ப்பகுதி கர்ப்பத்தில் 40 முதல் 50 சதவீதம் கூடும், சிவப்பணு அந்த அளவு கூடாது. அதனால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனாலும் 11க்குக் கீழே போனால் ரத்தசோகைதான், நடு மூன்று மாதத்தில் மட்டும் 10.5. ஏழுக்குக் கீழே என்றால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

முதல் மூன்று மாதம் போலிக் அமிலம் மட்டும். நான்காம் மாதத்திலிருந்து அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும், தினம் ஒன்று, 180 நாள். பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள். மாத்திரை வாங்கியும் ரத்தம் ஏறாததற்குப் பாதிக் காரணம் போடும் விதம். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உள்ளே போகாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். டீ, காபி ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் கூடாது. நெல்லிக்காய், எலுமிச்சைச் சாறு, கொய்யா கூட இருந்தால் நன்றாக ஏறும். வயிற்றைப் புரட்டினால் இரவு படுக்கும் முன் போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம்தான்.

ஜூலை 22, காலை 9.10

எலுமிச்சை என்று நேற்று எழுதினேன். நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் அதை விட்டுவிட்டுக் கொய்யாவோடு நில்லுங்கள். இரைப்பையின் மேல் வாயை மூடும் தசையைப் புரோஜெஸ்டிரான் என்ற கர்ப்ப ஹார்மோன் தளர்த்திவிடும். புளிப்பு மேலே ஏறுவது அதனால்தான். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி. தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வளையும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள்.

செப்டம்பர் 24, இரவு 9.00

இழையைத் தொடங்கியவருக்கு இப்போது 25 வாரம். வாந்தி நின்றதாகச் சொல்கிறார், சந்தோஷம். சர்க்கரைப் பரிசோதனை இன்னும் ஆகவில்லையாம். 24 முதல் 28 வாரத்துக்குள் ஆக வேண்டும். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்தில் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்தக் கணக்கு செல்லாது, மறுநாள் திரும்ப. குமட்டல் சுபாவம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கெண்டைக்கால் பிடிப்பு நடுராத்திரியில் வந்தால் முழங்காலை நீட்டி, பாதத்தை முட்டியை நோக்கி மடக்கிப் பிடியுங்கள். விரலைக் கீழ்நோக்கி நீட்டினால் இன்னும் இறுக்கும். கட்டைவிரல் பக்கம் மூன்று விரல் இரவில் மரத்துப்போனால், மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் பட்டி போட்டுத் தூங்குங்கள். மூக்கில் லேசான ரத்தம், ஈறில் ரத்தம் எல்லாம் ரத்த ஓட்டம் கூடியதால்.

மூச்சு வாங்குவதை மட்டும் லேசாக விடாதீர்கள். மாடி ஏறினால் வாங்குவது சரி. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரவில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, வறட்டு இருமல் விடவில்லை என்றால் இதயத்தைப் பார்க்க எக்கோ எடுக்க வேண்டும். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டது தெரியாமலே இருந்து, கர்ப்பத்தில் முதன்முதலாக வெளியே தெரிவது நம் நாட்டில் இன்றும் நடக்கிறது.

அக்டோபர் 29, மதியம் 1.30

"கால் வீக்கம், உப்பை நிறுத்திட்டேன், பார்லி கஞ்சி குடிக்கிறேன். சரிதானே?"

பார்லி கஞ்சி குடிக்கலாம். உப்பை அடியோடு நிறுத்துவதால் பலனில்லை, பிரஷர் நோய் அதனால் தடுக்கப்படாது. எந்த வீக்கம் என்பதுதான் கேள்வி. மாலையில் கணுக்காலில் ஏறி, காலையில் வடிவது கருப்பையின் பாரத்தால் வருவது. காலையிலேயே முகமும் கண் இமையும் ஊதியிருக்கிறது, மோதிரம் கழலவில்லை, ஒரே வாரத்தில் எடை ஒரு கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது என்றால் அன்றே ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டையில் வலியும் சூடும் இருந்தால் ரத்தக்கட்டு. அந்தக் காலைத் தேய்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இருபது வாரத்துக்குப் பிறகு 140/90, நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை வந்தால் கர்ப்பகால உயர் அழுத்தம். 160/110 என்றால் அடுத்த அளவுக்கு நாள் தள்ளக் கூடாது, கால் மணியில் திரும்பப் பார்த்து, இறங்கவில்லை என்றால் 108.

அளக்கும் விதம் தப்பினால் எண்ணும் தப்பும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். சட்டைக் கை மேல் கட்டக் கூடாது. கையை மேசையில் தாங்கி நெஞ்சு மட்டத்தில் வைக்க வேண்டும், தொங்கவிட்டால் எண் கூடும். மேற்கைச் சுற்றளவு 32 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய பட்டை கேளுங்கள். பருத்த கையில் சிறிய பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். ஒருக்களித்துப் படுத்து, மேலே இருக்கும் பக்கத்துக் கையில் பார்த்தால் இருக்கும் பிரஷரையும் மறைக்கும்.

வீடுகளில் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று. மேல்வயிற்றில், வலது விலாவுக்குக் கீழே வலி. "கேஸ்தான்" என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்து இரவைக் கடத்துவார்கள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு அந்த வலி ஈரல் பாதித்ததன் அடையாளமாக இருக்கலாம். பாராசிட்டமாலுக்கு அடங்காத தலைவலி, கண்ணில் பொறி பறப்பது, பார்வை மங்குவது, இவையும் வலிப்புக்கு முன் வருபவை. நம் பாட்டிமார் ஜன்னி என்று சொன்னது இந்த வலிப்பைத்தான். இதற்கு மெக்னீசியம் சல்பேட் ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரண்டு இடுப்பிலும் ஐந்தைந்து கிராம் போட்டுத்தான் மேலே அனுப்ப வேண்டும். வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதியாகக் குறைக்கிறது என்று 2002ல் வந்த பன்னாட்டு ஆய்வு காட்டியது. போடும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், பயப்பட வேண்டாம்.

அக்டோபர் 30, காலை 6.00

நேற்று எழுதியதில் ஒரு குறை. பிள்ளை பிறந்ததும் இந்த ஆபத்து முடிந்துவிடுவதில்லை, ஆறு வாரம் வரை வலிப்பு வரலாம். வீட்டுக்கு வந்த பிறகு தலைவலி என்றால் தலைக்குக் குளித்ததால் என்று சொல்லிவிடாமல் பிரஷர் பாருங்கள்.

நவம்பர் 26, இரவு 11.50

34 வாரம், உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது, இரவில் தூக்கமே இல்லை, தடிப்பு எதுவும் இல்லை, வேப்பிலை அரைத்துப் பூசியும் கேட்கவில்லை என்று இழையைத் தொடங்கியவரே எழுதியிருக்கிறார்.

வேப்பிலை போதும், நிறுத்திவிட்டுக் காலையில் போங்கள். வயிற்றுத் தோல் விரிவதால் வரும் அரிப்பு வயிற்றிலும் மார்பிலும் இருக்கும், தேங்காய் எண்ணெய்க்கு அடங்கும். வயிற்று வரிகளில் சிவந்த பருக்களாகத் தொடங்கி, தொப்புளை மட்டும் விட்டுவிட்டுப் பரவும் தடிப்பு ஒன்று உண்டு. பாடாய்ப் படுத்தும், ஆனால் குழந்தைக்கு ஒன்றும் செய்யாது. தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால், இரவில் அதிகம் என்றால் ஈரலில் பித்தம் தேங்குவதைச் சந்தேகிக்க வேண்டும். கண் மஞ்சளாகும் வரை காத்திருக்கக் கூடாது, பலருக்கு மஞ்சளே வராது.

கேட்க வேண்டியது ரத்தத்தில் பித்த அமில அளவு, ஈரல் பரிசோதனை. 19ஐத் தாண்டினால் நோய் உறுதி. 100ஐத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து ஏறுகிறது, அதனால் 36 வாரத்தையொட்டிப் பிரசவம் பார்த்துவிடுவார்கள். முதல் முறை சரியாக வந்து, அரிப்பு தொடர்ந்தால் ஒரு வாரத்தில் திரும்ப எடுங்கள். அரிப்பு முன்னால் வந்து எண் பின்னால் ஏறுவது உண்டு. அர்சோடியால் மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் தணிக்கும். குழந்தைக்கான ஆபத்தை அது குறைப்பதாக 2019ல் வந்த பெரிய ஆய்வில் தெரியவில்லை, ஆகவே மாத்திரை போடுகிறோமே என்று பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

நவம்பர் 29, மாலை 4.15

அளவு 31 வந்திருக்கிறது என்கிறார். வாராவாரம் எடுக்கச் சொன்னார்களாம், அதுதான் சரி. துடிப்பைக் கவனியுங்கள். "மாசம் நிறைஞ்சா இடம் பத்தாது, புள்ள அசையறது குறையும்" என்பது தப்பு. அசையும் விதம் மாறும், எண்ணிக்கை குறையக் கூடாது. சந்தேகம் வந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லை என்றால் ஜூஸ் குடித்துப் பார்க்கலாம் என்று உட்காராமல் கிளம்புங்கள். இரவில் கண்விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடந்ததாகப் பயந்து எழுதியிருந்தீர்கள். ஒன்றும் ஆகிவிடாது, திரும்பிப் படுங்கள். தூங்கப் போகும்போது ஒருக்களித்திருந்தால் போதும்.

டிசம்பர் 3, காலை 10.00

சூட்டு வலியா, பிரசவ வலியா என்று வேறொருவர். விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல், முன்வயிற்றில் இறுகி, கொஞ்சம் படுத்தாலோ வெந்நீரில் குளித்தாலோ அடங்கினால் சூட்டு வலி. முதுகில் தொடங்கி முன்னே சுற்றி வந்து, இடைவெளி சுருங்கிக்கொண்டே, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடத்துக்குக் குறையாமல் நின்றால் பிரசவ வலி. சீரகக் கஷாயம் குடித்துப் பார்ப்பதில் தப்பில்லை, 37 வாரம் முடிந்திருந்தால். அதற்கு முன் என்றால் கஷாயம் காய்ச்சும் நேரம்கூட வீண். 24 முதல் 34 வாரத்துக்குள் வலி வந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர டெக்சாமெத்தசோன் ஊசி, 12 மணிக்கு ஒன்றாக நான்கு போட வேண்டும். சீக்கிரம் வந்தால்தான் நான்கும் போட நேரம் கிடைக்கும். நீர் கசிந்தால் வெள்ளை நாப்கின் வைத்து நிறம் பாருங்கள். பச்சையாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

டிசம்பர் 23, இரவு 7.30

37 வாரத்தில் பெண் குழந்தை, 2.7 கிலோ, இருவரும் நலம் என்ற செய்தி பார்த்தேன். மனம் நிறைந்தது. அரிப்பு இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆறு வாரம் கழித்து ஈரல் பரிசோதனை ஒருமுறை எடுத்து, சரியாகிவிட்டதா என்று பாருங்கள். அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், கர்ப்பத்தைப் பதியும் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் 24, காலை 6.40

வீட்டில் இருப்பவர்களுக்கு இது. மூன்றாம் நாள், நான்காம் நாள் பால் கட்டும்போது ஓர் அழுகை வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். பக்கத்தில் ஆள் இருந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு, நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவிட்டால் போதும். இரண்டு வாரம் தாண்டியும் நின்றால் ஜூன் 11 அன்று எழுதிய பத்துக் கேள்வியை எடுங்கள்.

தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பாக அலைவது, இடைவிடாத பேச்சு, "இது என் பிள்ளை இல்லை, மாத்திட்டாங்க" என்பது, காதில் குரல் கேட்பது, இவை முதல் இரண்டு வாரத்தில் வந்தால் ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வரும் கடுமையான மனநோய். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நாளைக் கடத்தாதீர்கள், அன்றே மனநல மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு. தாயையும் பிள்ளையையும் தனியாக ஓர் அறையில் விடக் கூடாது. சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலோருக்கு முழுக்கக் குணமாகும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் பிரிவு இருக்கிறது. போகும்போது பிறந்த தேதி, போட்ட மாத்திரைகள், கடைசியாகத் தூங்கிய நாள், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.